ஸ்பெயினில் பன்னிரண்டு நாள்: காரா, ரயிலா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மே மாதப் பள்ளி விடுமுறையில் நீங்கள், மனைவி, ஒன்பது வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா என நான்கு பேர் ஸ்பெயின் போகிறீர்கள். மாட்ரிட்டில் இறங்கி, டோலேடோ, கோர்டோபா, செவில்லா, கிரனாடா பார்த்துவிட்டு மலாகாவில் விமானம் ஏறுகிறீர்கள். நடுவில் ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவின் மலைக் கிராமங்கள் சிலவற்றையும் பார்க்க ஆசை. அம்மாவை அலையவிடக் கூடாது என்பதால் மாட்ரிட் விமான நிலையத்திலேயே கார் எடுத்து, 12 நாளும் வைத்துக்கொண்டு, மலாகாவில் விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

என் பதில்: காரை மூன்று நாளுக்கு மட்டும் எடுங்கள். செவில்லாவை விட்டுக் கிளம்பும் காலையில் எடுத்து, கிரனாடா போய்ச் சேர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிச்ச நாளெல்லாம் ரயில், பேருந்து, டாக்சி. அம்மாவின் முழங்காலை மனதில் வைத்துத்தான் இப்படிச் சொல்கிறேன்.

நம் ஊரில் கையில் கார் இருந்தால் வாசல் வரை போய் இறங்கலாம். அந்தக் கணக்கு ஸ்பெயினின் பழைய நகரங்களில் செல்லாது. செவில்லாவின் சாந்தா குரூஸ், கோர்டோபாவின் யூதர் தெருக்கள், கிரனாடாவின் அல்பைசின், டோலேடோவில் மதிலுக்குள் இருக்கும் ஊர் எல்லாமே ஆளும் கழுதையும் நடந்துபோக அமைந்த சந்துகள். அவற்றில் பலவற்றுக்குள் வெளியாள் கார் நுழைய அனுமதியே கிடையாது. காரை எங்கேயோ ஒரு நிலத்தடி பார்க்கிங்கில் விட்டு, அதற்கு நாளொன்றுக்கு 20 யூரோவோ அதற்கு மேலோ கொடுத்து, அங்கிருந்து கல் பாவிய சந்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். டாக்சிக்கு அந்தத் தடை பெரும்பாலும் இல்லை. ஓட்டலுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அதுவரை போய் இறக்கிவிடுவார்கள். அம்மா குறைவாக நடக்க வேண்டும் என்றால் நகரத்துக்குள் டாக்சிதான் சரி.

கிரனாடாவில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல்முறை காரில் போனபோது கைப்பேசி காட்டிய வழியில் கிரான் வியா என்ற நடுநகரச் சாலைக்குள் நுழைந்துவிட்டேன். பேருந்து, டாக்சி, அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகக்கூடிய சாலை அது. பலகை வைத்திருந்தார்கள், ஆனால் பின்னால் ஒரு பேருந்து நெருக்கிக்கொண்டு வந்த அவசரத்தில் நின்று படிக்க முடியவில்லை. யாரும் நிறுத்தவில்லை, விசில் அடிக்கவில்லை. அங்கிருந்த கேமரா என் வண்டி எண்ணைப் படித்துக்கொண்டது. ஊர் திரும்பிப் பல வாரம் கழித்து அபராதக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே, என் பெயரையும் முகவரியையும் நகராட்சிக்குக் கொடுத்த வேலைக்காக வாடகை நிறுவனம் தனியாக ஒரு தொகையை என் கிரெடிட் கார்டில் பிடித்திருந்தது. அந்தப் பயணத்தில் அல்ஹம்ப்ரா என்ற பழைய அரண்மனைக் கோட்டையைப் பார்த்த மகிழ்ச்சியைவிட, எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று இரண்டு நாள் தவித்ததுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. அது உங்களுக்கு நேரக் கூடாது.

ஆகவே மூன்று நாள் கார் ஓட்டினாலும் இரண்டு பலகைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'எக்ஸெப்தோ அவுதோரிசாதோஸ்' என்றால் அனுமதி பெற்றவர் தவிர யாரும் வரக் கூடாது. 'சோலோ ரெசிதெந்தெஸ்' என்றால் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். கைப்பேசி என்ன சொன்னாலும் இந்தப் பலகையைக் கண்டால் வேறு வழி பாருங்கள். ஒருவேளை ஓட்டலே அந்த எல்லைக்குள் இருந்தால், வண்டி எண்ணைக் கொடுத்து நகராட்சியில் பதியச் சொல்லுங்கள். கிரனாடாவிலும் கோர்டோபாவிலும் ஓட்டல்காரர்கள் இதைச் செய்து தருகிறார்கள். அபராதம் வந்துவிட்டால் 20 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான், தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் தூரம். வரைபடத்தில் ஸ்பெயின் சின்னதாகத் தெரியும், ஆனால் மாட்ரிட்டிலிருந்து செவில்லா சுமார் 530 கிலோமீட்டர். சாலை அருமையாக இருக்கும், அதிவேகச் சாலைகளில் 120 வரை போகலாம். ஆனாலும் சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம் ஓடிவிடும். அதே தூரத்தை 'ஆவே' என்ற அதிவேக ரயில், கொஞ்சம் முன்னே பின்னே, இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அம்மா நடுவில் எழுந்து நடக்கலாம், கழிவறை போகலாம், காலை நீட்டி உட்காரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

'ஆவே' என்பது ஸ்பானிய மொழியில் 'ஸ்பானிய அதிவேகம்' என்பதன் சுருக்கம்; ஸ்பானியத்தில் அந்தச் சொல்லுக்குப் பறவை என்றும் பொருள். செவில்லாவில் உலகக் கண்காட்சி நடந்த 1992இல், மாட்ரிட்–செவில்லா தடத்தில்தான் முதலில் ஓடியது. இன்று ஐரோப்பாவிலேயே நீளமான அதிவேக ரயில் வலை ஸ்பெயினுடையது. முன்பு அரசு நிறுவனமான ரென்ஃபே மட்டும் ஓட்டியது. 2021இல் ஊய்கோ என்ற போட்டி நிறுவனம் வந்தது, 2022 கடைசியில் இர்யோ என்ற இன்னொன்று வந்தது, ரென்ஃபேயும் ஆவ்லோ என்ற மலிவு ரயிலை விட்டது. போட்டியால் சீட்டு விலை நன்றாக இறங்கியிருக்கிறது. விமானச் சீட்டு மாதிரித்தான், முன்கூட்டி வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் வாங்கினால் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். மலிவு ரயில்களில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. நான்கு பேர் நான்கு பெட்டி என்றால் அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

விமான நிலையம் போல இல்லையென்றாலும், அதிவேக ரயில்களுக்குப் பெட்டிகளை எக்ஸ்ரேயில் விட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். புறப்படுவதற்கு ஓரிரு நிமிடம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். தெற்கே போகும் ரயில்கள் மாட்ரிட்டில் அதோச்சா நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. சீக்கிரம் போனதற்குப் பலனாக, அதன் பழைய கூடத்துக்குள் வெப்பமண்டல மரங்கள் வளர்த்த தோட்டம் ஒன்று இருக்கிறது, மகளுக்குக் காட்டுங்கள். பெரிய நிலையங்களில் நடக்கச் சிரமப்படுபவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி இலவசம், ஆனால் முன்கூட்டியே கேட்டுப் பதிய வேண்டும். அம்மா வேண்டாம் என்பார். பதிந்து வையுங்கள்.

மாட்ரிட் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு டாக்சி நிலையான கட்டணம், மீட்டர் பயம் இல்லை. நான்கு பேர், பெட்டிகளுடன் என்றால் அதுதான் சரி. ஊருக்குள் மெட்ரோவைவிடப் பேருந்தையே நம்புங்கள். மெட்ரோ வேகமானது, மலிவானது. ஆனால் 1919இல் தொடங்கியது, பல பழைய நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. பேருந்துகள் தாழ்தளப் பேருந்துகள், ஏறி இறங்க எளிது, ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். 'தார்ஹேதா முல்தி' என்று ஒரு சிவப்பு அட்டை, 2.50 யூரோ. அதில் 10 பயணம் ஏற்றிக்கொண்டால் குடும்பமே ஒரே அட்டையை மாற்றி மாற்றி வைத்துப் போகலாம். மெட்ரோவில் ஏறினால் ரயில் இடப்பக்கத் தடத்தில் வருவதைக் கவனியுங்கள். அது தொடங்கிய நாளில் மாட்ரிட் வண்டிகள் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓடின. சாலையை 1924இல் வலப்பக்கம் மாற்றினார்கள், ரயிலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

டோலேடோவுக்கு அதோச்சாவிலிருந்து அரை மணி நேர ரயில். வார இறுதியில் இடம் தீர்ந்துவிடும், போக வர இரண்டுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். நிலையம் கீழே, ஊர் குன்றின் மேல். அந்த ஏற்றத்தை அம்மா நடக்க வேண்டாம், டாக்சியில் மேலே போய் இறக்கத்தில் நடந்து பாருங்கள். மே 1 நாடு முழுவதும் விடுமுறை, மே 2 மாட்ரிட் பகுதிக்கு விடுமுறை. அந்த நாட்களில் கூட்டமும் அதிகம், பேருந்தும் குறைவு.

கோர்டோபாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பெட்டிகளோடு அலையாமல் ஓர் இரவு தங்கிவிடுங்கள், காலையில் கூட்டம் வருமுன் மெஸ்கித்தாவை, அதாவது மசூதியாக இருந்து தேவாலயமான கட்டடத்தை, பார்க்கலாம். அங்கிருந்து செவில்லா வெறும் முக்கால் மணி நேரம். இதுவரை காருக்கு வேலையே இல்லை.

இனிமேல்தான் கார் வேண்டும். செவில்லாவுக்கும் ரோண்டா என்ற மலையூருக்கும் நடுவில் உள்ள, வெள்ளையடித்த வீடுகளால் 'வெள்ளைக் கிராமங்கள்' எனப்படும் ஊர்களுக்குப் பேருந்து இருக்கிறது, ஆனால் நாளுக்கு ஒன்றோ இரண்டோ, அதுவும் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களின் நேரத்துக்கு. கால அட்டவணையில் 'லபொராப்ளெஸ்' என்றால் வேலை நாள், 'தொமிங்கோஸ் ஈ ஃபெஸ்திவோஸ்' என்றால் ஞாயிறும் விடுமுறை நாளும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராசலேமா என்ற கிராமத்தின் பேருந்து நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காப்பிக் கடைக்காரர் வெளியே வந்து, இன்று வராது என்று கையை விரித்துச் சொன்ன பிறகுதான் எழுந்தேன். தனியாளாக இருந்ததால் சமாளித்தேன். குழந்தையும் அம்மாவும் கூட இருந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது.

வழி இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் செவில்லாவின் சாந்தா ஹுஸ்தா ரயில் நிலையத்தில் காரை எடுங்கள். அங்கிருந்து ஊருக்குள் நுழையாமலே வெளியேறிவிடலாம். தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் சஹாரா தே லா சியெர்ரா என்ற கிராமம். கீழே நீல நிற ஏரி, மேலே பாறையில் கோட்டை, நடுவில் வெள்ளை வீடுகள். அங்கிருந்து புவெர்தோ தே லாஸ் பலோமாஸ், அதாவது புறாக்களின் கணவாய் வழியாகக் கிராசலேமாவுக்கு ஒரு மலைப்பாதை ஏறுகிறது. வளைவுகள் நெருக்கமானவை, தடுப்புச் சுவர் இல்லாத இடங்களும் உண்டு. இரண்டாம் கியரில் நிதானமாகப் போனால் போதும். உச்சியில் வண்டியை நிறுத்தினால் தலைக்கு மேல் கழுகுகள் சுற்றும். கிராசலேமா ஸ்பெயினிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, வெயில் கொளுத்தும் ஆண்டலூசியாவுக்கு நடுவில் இவ்வளவு பச்சையா என்று தோன்றும். என் கணக்கில் உங்கள் 12 நாளில் சிறந்த அரை நாள் இதுவாகத்தான் இருக்கும், இதற்காகத்தான் காரே. மகளுக்கு வளைவில் வாந்தி வரும் என்றால் மட்டும் கணவாயைத் தவிர்த்து, ஏரியைச் சுற்றிப் போகும் கீழ்ப்பாதையில் போங்கள்.

இரவு ரோண்டாவில். பள்ளத்தாக்கின் மேல் 1793இல் கட்டி முடித்த, 'புதுப்பாலம்' என்றே பெயர் கொண்ட பாலம் ஏறக்குறைய 100 மீட்டர் உயரம். அங்கே இரண்டு இரவு தங்கி, நடுவில் ஒரு நாள் சேடெனில் போய் வாருங்கள். பாறையே கூரையாகத் தொங்கும் வீடுகள் உள்ள ஊர். தெருக்கள் மிகக் குறுகல், காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டும், சரிவு அதிகம். அம்மாவுக்கு முடியாவிட்டால் அன்று ரோண்டா பூங்காவில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பதே அழகாக இருக்கும். மூன்றாம் நாள் அந்தெகெரா வழியாகக் கிரனாடா. அந்தெகெராவில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான பெருங்கற்கால மேடுகள் இருக்கின்றன, 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. மெங்கா, வியேரா என்ற இரண்டும் பார்க்கிங்குக்கு அருகிலேயே இருப்பதால் அம்மாவும் வரலாம்.

கார் விஷயத்தில் ஊரிலேயே செய்ய வேண்டியது ஒன்று. ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும். அங்கே போய் வாங்க முடியாது. அதோடு அசல் லைசென்சும் கையில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டும் வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார்கள் எண்ணிக்கையில் குறைவு. வலப்பக்கச் சாலையில் வலக்கையால் கியர் மாற்றிப் பழக்கம் இல்லையென்றால் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக்கே முன்பதிவு செய்யுங்கள். நான்கு பேரின் பெட்டிகளுக்குச் சின்னக் கார் போதாது, ஒரு படி பெரியது எடுங்கள். மகள் 135 சென்டிமீட்டருக்கு மேல் வளராவிட்டால் பின்சீட்டில் பூஸ்டர் இருக்கை சட்டப்படி கட்டாயம். அங்கே அதற்கு நாள் வாடகை வாங்குவார்கள்.

வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும், சக்கரம், கூரை உட்பட, வீடியோ எடுத்துவிடுங்கள். வண்டி பழுதானால் வைக்க வேண்டிய 'வி-16' என்ற மின்னும் மஞ்சள் விளக்கு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். 2026 ஜனவரி 1 முதல் முக்கோணப் பலகைக்குப் பதிலாக அதுதான் கட்டாயம். பெட்ரோல் போடும்போது கவனம் தேவை: 'கசோலினா' பெட்ரோல், 'கசோலியோ' டீசல். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். டேங்க் மூடியில் வட்டத்துக்குள் இ5 என்றிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றிருந்தால் டீசல். பம்பிலும் அதே அடையாளம் இருக்கும், பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது நேர்ச்சாலையில் அரை மணி நேரத்தில் பழகிவிடும். தடுமாற வைப்பது ரவுண்டானாதான், அங்கே அது ஊருக்கு ஊர் பத்து இருக்கும். நமக்கு நேர்மாறாகச் சுற்ற வேண்டும், உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை. நுழையும்போது இடப்பக்கம் பாருங்கள், வெளியேறும்போது வெளிவளையத்திலிருந்தே வெளியேறுங்கள். வழி தெரியாவிட்டால் இன்னொரு சுற்று சுற்றலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெரிய சாலையில் வெளியேறும் இடத்தைத் தவறவிட்டால் பதற வேண்டாம். கொஞ்ச தூரத்தில் 'காம்பியோ தே சென்தீதோ' என்று பலகை வரும், அங்கே பத்திரமாகத் திரும்பலாம். ஊருக்குள் ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள தெருக்களில் வேகம் 30தான். நிறுத்தும்போது மஞ்சள் கோடு இருந்தால் கூடாது, நீலக் கோடு என்றால் காசு, வெள்ளை இலவசம். 'வாதோ பெர்மனென்தே' என்று எழுதிய கதவின் முன் ஐந்து நிமிடம்கூட நிறுத்தாதீர்கள், இழுத்துப்போய்விடுவார்கள். பெட்டிகளைக் கண்ணில் படும்படி காருக்குள் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள்.

கிரனாடாவில் காரை ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள வாடகை அலுவலகங்களில் ஒன்றில் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் நகர அலுவலகங்கள் மதியம் மூடுகின்றன, ஞாயிறு பல இடங்களில் திறப்பதே இல்லை. நாள் ஞாயிறாக விழுந்தால் கிரனாடா விமான நிலையத்தில் கொடுத்துவிட்டு டாக்சியில் வாருங்கள். செவில்லாவில் எடுத்துக் கிரனாடாவில் விட எவ்வளவு கூடுதல் என்று பதியும்போதே கேளுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் நிறைய மாறுகிறது. அல்ஹம்ப்ராவுக்கு சி30, அல்பைசினுக்கு சி31 என்று சின்னச் சிவப்புப் பேருந்துகள் அந்தச் சந்துகளில் புகுந்து ஏறும். நீங்கள் காரில் போயிருந்தால் வியர்த்திருக்கும் வளைவுகளை ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

ஒன்று முக்கியம். எல்லாவற்றுக்கும் முன்னால் அல்ஹம்ப்ரா சீட்டை வாங்குங்கள். அதற்குள் இருக்கும் நஸ்ரிய அரண்மனைக்குள் நுழையும் நேரம் குறித்த சீட்டு அது, மே மாதத்தில் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். அந்தத் தேதி கையில் வந்த பிறகு ரயிலைப் பதியுங்கள், அதன் பிறகு காரை. நான் முதல்முறை தலைகீழாகச் செய்து, ரயில் சீட்டை மாற்றப் பணம் கட்டினேன்.

கடைசி நாள் கிரனாடாவிலிருந்து மலாகாவுக்குப் பேருந்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அடிக்கடி உண்டு. மலாகா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே மரியா சம்பிரானோ ரயில் நிலையம். அங்கிருந்து சி1 என்ற உள்ளூர் ரயில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒன்று, பத்து நிமிடத்தில் விமான நிலையம். அந்த ரயில் அங்கே முடிவதில்லை, கடற்கரையோரமாக ஃபுவென்ஹிரோலா வரை போகிறது. பலகையில் 'ஆயிரோபுவெர்தோ' என்று வந்ததும் பெட்டிகளோடு கதவுப் பக்கம் வந்துவிடுங்கள்.